ஒன்பதாவது பெயர்

வில்லியனூர் வட்டாரப் பெண் ஆசிரியர் மன்றத்துக்கு நாற்பது வயது நிறைந்தபோது, அதன் வரலாற்றை எழுதும் பொறுப்பு இர்பானாவின் தலையில் விழுந்தது. அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறவள். நல்ல ஆசிரியைகளைத் தேர்ந்தெடுத்து உறுப்பினராக்கிக் கௌரவிப்பதுதான் மன்றத்தின் வேலை. பழைய கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டியபோது, முதல் உறுப்பினர் பட்டியலில் ஒன்பதாவது பெயரை யாரோ மையால் அடித்திருந்ததைக் கண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் படிக்க முடிந்தது: 'ரோஸ்லின், ஏம்பலம்.'

மன்றத் தலைவி ஜெயசுதாவிடம் போய்க் கேட்டாள். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான்தாம்மா அடிச்சேன். கரும்பு வெட்டுற பொம்பளைங்களுக்கு அந்தப் பொண்ணு எழுத்து சொல்லிக் குடுத்துச்சி. ஆனா டீச்சர் டிரெய்னிங் முடிக்கல. எப்படி நமக்குச் சமமா உக்கார வைக்கிறதுன்னு சண்ட போட்டேன்."

"இத எழுதட்டுமா, வுட்டுடட்டுமா டீச்சர்?"

ஜெயசுதா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"எழுது. என் பேரப் போட்டே எழுது. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ண நேர்ல பாக்கணும். நீயும் வா."

மறுநாளே இருவரும் பஸ் ஏறினார்கள். ஏம்பலத்தில் ரோஸ்லின் தையல் மிஷினில் குனிந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஜெயசுதா திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் ரோஸ்லின் வாய்விட்டுச் சிரித்தார்.

"அடிச்சீங்களா? என் பேரு அதுல இருந்ததே எனக்குத் தெரியாதே டீச்சர்!"

இர்பானாவுக்கு அந்தச் சிரிப்பு கோபத்தைவிடச் சங்கடமாக இருந்தது. ஜெயசுதா விடவில்லை.

"இப்ப சேத்துக்கறோம் ரோஸ்லின். விழா வச்சி, சால்வ போட்டு..."

"இந்த வெயில்ல சால்வைய வச்சிகினு இன்னா பண்றது? சனிக்கிழம மத்தியானம் இங்க பதினோரு பேர் படிக்க வராங்க. நான் ஒருத்தியா சமாளிக்க முடியல. ஆள் அனுப்புவீங்களா?"

அந்தச் சனிக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றவர் ஜெயசுதாதான். கரும்பலகையில் பெரிதாக 'அ' போட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த ராமாயி கையைத் தூக்கினாள்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் டீச்சர். பஸ் போர்டு படிக்கக் கத்துக் குடுங்க. ஒவ்வொரு தபாவும் யாரையாச்சும் கேட்டுகினு நிக்க வேண்டியிருக்குது."

முப்பத்தாறு வருடம் புத்தகத்தில் உள்ள வரிசை பிசகாமல் பாடம் எடுத்தவர் ஒரு நொடி தயங்கினார். பிறகு 'அ'வை அழித்துவிட்டு 'வில்லியனூர்' என்று எழுதினார்.

கடைசி வரிசையில் இர்பானா ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து, சிலேட்டில் 'வி'யைச் சுழிக்க ஆரம்பித்தாள்.