இன்னும் கூப்பிடவில்லை

1

இந்தக் கதை என் தங்கையின் புலம்பலில் தொடங்கியது. "அண்ணா, உங்க மாப்பிள்ளைக்கு என்னன்னு கேளுங்க. வேலை முடிஞ்சு வர்றவர் கதவைத் தட்டிட்டு வெளியவே நிக்கிறார். கதவு திறந்துதான் கெடக்கு. 'உள்ள வாங்க'ன்னு யாராவது சொன்னாத்தான் கால வைக்கிறார்."

மாப்பிள்ளை கோர்ட் அமீனா. தீர்ப்பைச் சொல்வது நீதிபதி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பூட்டைத் திறந்து, வீட்டை ஜெயித்தவரிடம் ஒப்படைப்பது அமீனாவின் வேலை. அழுகை, சாபம், அவிழ்த்துவிட்ட நாய் என்று எல்லாவற்றையும் பார்த்தவர். லேசில் அசைகிற ஆள் இல்லை.

கேட்டேன். முதல் நாள் மழுப்பினார். மறுநாள் சொன்னார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாழடைந்த அந்த வீட்டின் கதவு கிறீச்சிட்டபடி'—

அடித்துவிட்டேன். மாப்பிள்ளை ஒப்படைக்கப் போன வீடு பாழடையவில்லை. பக்கத்தில் தையல் கடை, எதிரே பஸ் நிறுத்தம், நேரம் பட்டப்பகல். பேய்க் கதைக்கு வேண்டிய எந்த வசதியும் அங்கே இல்லை.

அடுத்து: 'அக்கா நல்லவள், தம்பி'—

இதையும் அடித்தேன். வழக்கு ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில். அக்கா ஒரு நர்ஸ். தன் சம்பாத்தியத்தில் வீடு வாங்கினாள். வேலை வெளியூரில் என்பதால் தம்பியைக் குடிவைத்தாள். திரும்பி வந்து கேட்டபோது அவன் சொன்னது: "அம்மாவைக் கடைசிவரைக்கும் கூட இருந்து பார்த்துக்கிட்டது நான். வீடு எனக்குத்தான்." இதில் யாரைக் கெட்டவர் ஆக்குவது?

அக்கா வழக்குப் போட்டு ஜெயித்தாள். தம்பி மேல்முறையீடு செய்தான், தோற்றான். அதற்கும் மேலே போனான். அது நடக்கும்போதே மாரடைப்பில் செத்துப்போனான்.

(சரி, வழக்கும் முடிந்தது என்று நினைத்தேன். மாப்பிள்ளை சிரித்தார். ஆள் செத்தாலும் இந்த மாதிரி வழக்கு சாகாதாம். வாரிசைச் சேர்த்துவிட்டால் அது பாட்டுக்கு நடக்குமாம்.)

தம்பியின் மனைவியைச் சேர்த்தார்கள். அவளும் தோற்றாள். காலி செய்யச் சொல்லி அமீனா போனபோது, அவள் தன் அண்ணன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க எப்பவோ விட்டுட்டோம் சார்," என்றாள். "அவர்தான் விடல."

அமீனா இதைத் துக்கத்தில் வந்த பேச்சு என்று எடுத்துக்கொண்டார்.

3

அமீனா, அக்கா, பூட்டுத் திறப்பவர் என்று மூன்று பேர் போனார்கள். பூட்டு உடனே திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பின்கதவும் அப்படியே.

அமீனா தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"கோர்ட்லேர்ந்து வர்றோம். வீட்டை ஒப்படைக்கணும்."

"அப்பீல் போட்டிருக்கேனே."

இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர் அவர். வாய் தானாகப் பதில் சொன்னது: "அப்பீல் போட்டா மட்டும் போதாதுங்க. தீர்ப்பை நிறுத்திவைக்கத் தடை உத்தரவு வாங்கணும். இருக்கா?"

"கேட்டிருக்கேன்."

"எந்தக் கோர்ட்ல?"



"இங்கதான். நிறைய பேர் உக்காந்திருக்கோம். இன்னும் என் பேரைக் கூப்பிடல."

பூட்டுக்காரர் சாமான்களை அள்ளிக்கொண்டு நடந்தார். கூலியைக்கூடக் கேட்கவில்லை. அமீனா திரும்பி அக்காவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. ஆனால் பயம் இல்லை, அது வேறு ஏதோ என்றார். என்ன என்று நானும் பல தடவை கேட்டுவிட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு எழுதத் தெரியவில்லை.

4

அக்கா கதவின் மேல் கையை வைத்தாள்.

"டேய். நான்தான்."

"ஜெயிச்சிட்டியாக்கா?"

"ம்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தான்டா."

"சந்தோஷமா இருக்கியா?"

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

உள்ளே யாரும் இல்லை. (இதை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நானும்தான்.) ஆனால் அந்த வீட்டிலிருந்த நாற்காலி, முக்காலி, கவிழ்த்த வாளி, பழைய பெட்டி எல்லாம் கூடத்தில் வரிசை வரிசையாக இருந்தன. எல்லாமே வெறும் சுவரைப் பார்த்து. எல்லாவற்றின் மேலும் தூசி. உட்காரும் இடத்தில் மட்டும் தூசி இல்லை.

5

அமீனா வேலையில் ஒளிந்துகொண்டார். வீட்டைப் பெற்றுக்கொண்டதாக அக்கா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், தீர்ப்பு நிறைவேறிவிடும். வாசற்படியில் நின்றபடியே பேனாவை நீட்டினார். வாங்கினாள்.

அப்போது கூடத்திலிருந்து வேறொரு குரல் தம்பியின் பெயரைச் சொன்னது. கோர்ட் வாசலில் டவாலி கூப்பிடுவாரே, அந்த ராகம். மூன்று தரம். மூன்றாவது தரம் முடிந்ததும் இரண்டாம் வரிசையில் ஒரு நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது.

அக்கா கேட்டாள்: "அடுத்து எதிர்த்தரப்பைக் கூப்பிடுவாங்க, இல்ல?"

"வழக்கமா கூப்பிடுவாங்கம்மா."

"நான் போகலேன்னா?"

"நம்ம கோர்ட்டுன்னா, வராதவங்களை விட்டுட்டு ஒருதலையாத் தீர்ப்பு சொல்லிடுவாங்க." கூடத்தைப் பார்த்தார். "அந்தக் கோர்ட்டுச் சட்டம் எனக்குத் தெரியாதும்மா."

"அவன் பக்கத்தையும் ஒருதரம் முழுசாக் கேட்டிருக்கணும்," என்றாள் அக்கா. "வக்கீல் பேசினாரு. நாங்க பேசிக்கவே இல்ல."

6

'அக்கா கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல்'—

'அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், முன்வரிசையில்'—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டில் ஒன்றுதான் நடந்தது. எது என்று மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுதினால் நான் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். எனக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. எனக்கு மேலே இருக்கும் கோர்ட் நீங்கள்தான். நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆற அமர யோசிக்க நேரமில்லை. அவள் வாசற்படியில் பேனாவோடு நிற்கிறாள். அவள் பெயரை ஒரு தரம் கூப்பிட்டாயிற்று.

இரண்டாம் தரமும்.