முந்திரிக் கட்டை

என் கணவர் சிங்காரவேலுவை இரண்டு பேர் கட்டையால் அடித்திருக்கிறார்கள். ஒருவர் ஆண்டிமடம் பஞ்சநாதன். இன்னொருவர் நான். கட்டை ஒன்றுதான்.

முதல் அடி எழுபத்து நாலில் விழுந்தது. அப்போது பெரம்பலூர் பக்கத்திலேயே எலக்ட்ரிக் கிதார் வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். பொன்மலை ரயில்வே காலனியிலிருந்து ஆஸ்திரேலியா போன ஒரு ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரக் குடும்பம் விற்றுவிட்டுப் போன சிவப்புக் கிதார் அது. கச்சேரியில் குழுவினர் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். நடுவில் இவர் மட்டும் எழுந்து, தான் போட்ட ஒரு மெட்டை, முட்டியை மடக்கித் தலையை உதறியபடி வாசிப்பார். வெளிநாட்டில் அப்படித்தான் வாசிப்பார்களாம். ஒரு பத்திரிகையில் வந்த புகைப்படத்தைத்தான் இவர் பார்த்திருந்தார். புகைப்படம் எப்படி அசையும் என்பது இவருடைய சொந்தக் கற்பனை.

ஆண்டிமடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கூட்டத்தில் நின்ற பஞ்சநாதன் மோட்டார் மெக்கானிக். கிணற்றடியில் ஷாக் அடித்துக் கிடந்த மூன்று பேரைக் காய்ந்த கட்டையால் அடித்துப் பிரித்துக் காப்பாற்றியவர். மேடையில் ஒரு ஆள் கம்பியைப் பிடித்தபடி கண் செருகி உதறுவதைப் பார்த்தார். பந்தலுக்குப் பின்னால் விறகுக்கு அடுக்கியிருந்த முந்திரிக் கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்தார்.

"கரண்டுடா! யாரும் தொடாதீங்க!"

அடி இடது கையில் விழுந்தது. பெண்வீட்டார் பஞ்சநாதனுக்குத் துண்டு போர்த்தினார்கள். இவருக்கு ஒரு சோடா கொடுத்தார்கள். இவர் கட்டையைத் தூக்கிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

"உசுரக் காப்பாத்துனவரு மேல கேஸாய்யா? போயி கும்புட்டுட்டு ஊரு போய்ச் சேரு" என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு சுண்டுவிரல் மடங்கவில்லை. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரு விரல் மட்டும் மடங்காது என்று தரகர் சொன்னார். மற்றபடி எதற்கும் மடங்காதவர் என்பதை நானாகத் தெரிந்துகொண்டேன்.

வாசிக்க முடியாதவர்கள் ரெக்கார்டிங் வைப்பார்கள் போலிருக்கிறது. அரியலூரில் என் அண்ணன் செல்லமுத்துவின் பருத்திக் குடோனில் பாதியைத் தடுத்து ஸ்டுடியோ ஆக்கினார். சுவரோரம் அடுக்கிய பருத்தி மூட்டைகள் வெளிச்சத்தத்தை விழுங்கின. அண்ணன் பருத்தியை விற்றுவிட்டால் அறை எதிரொலிக்கும். அந்த மாதங்களில் பக்திப் பாட்டு மட்டும் பதிவோம். சாமிக்கு எதிரொலி பொருந்தும்.

வேட்பாளர் பாட்டு, பூச்சிமருந்து விளம்பரம், காதுகுத்து அழைப்பு என்று பன்னிரண்டு வருடம் ஓடியது. பட்டனை அமுக்குவது என் வேலை. பதிவு ஓடுகிறது என்று சிவப்பு பல்பு எரிந்தால் யாரும் மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். நான் தும்மலை விழுங்கக் கற்றேன். வளையலைக் கழற்றி வைத்தேன். மூத்தவள் பிறக்க எனக்கு வலி எடுத்தபோது உள்ளே யூரியா விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. விவசாயி மகசூல் எடுத்து முடிக்கும்வரை முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தேன். "நல்ல டேக்கு" என்றார். அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த முந்திரிக் கட்டை ஸ்டுடியோ கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, "ஒரு கலைஞன இந்த ஊரு எப்புடி நடத்துச்சு பாருங்க" என்பார்.

எண்பத்தேழில், ஒரு பகல் வேளை, பரணிலிருந்து கிதாரை இறக்கினார்.

"கலியம்மா, நாளைக்கு ஒங்கண்ணன் மூட்டைய ஏத்திடுவாரு. இன்னைக்கி என் மெட்டப் போட்டுடணும்."

"விரலு?"

"நாலு போதும்."

சிமெண்ட் ரயில் போகும்வரை காத்திருந்து பட்டனை அமுக்கினேன். அவர் நான்கு விரலால் வாசித்தார். சுமார்தான். ஓரிடத்தில் மைக் தள்ளி இருக்கிறதென்று, கம்பியிலிருந்து இடது கையை எடுக்காமலே வலது கையால் மைக் ஸ்டாண்டைப் பிடித்து இழுத்தார்.

கிதார் 'கர்ர்' என்றது. அவர் உதறத் தொடங்கினார். கண் செருகியது.

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக மனுஷர் உருப்படியாக ஏதோ வாசிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு கைகளைப் பார்த்தேன். அவை அசையவே இல்லை. புரிந்துவிட்டது. புரிந்தும் எழவில்லை. தலைக்கு மேல் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு கட்டையை எடுத்தேன். ஒரே அடி. அவர் மூட்டைகளின் மேல் சாய்ந்தார். நான் பழக்கதோஷத்தில் ஸ்டாப் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் அவரிடம் ஓடினேன்.

எங்கள் ஊரில் அன்று வோல்டேஜ் குறைவு. அதனால் தாலி தப்பியது. உள்ளங்கையில் கொப்புளமும் மணிக்கட்டில் வீக்கமும் மட்டும். வந்தவர்கள் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். ஆனால் டேப் மெஷினிலேயே இருந்தது. அவர் அதைக் கேட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அழித்துவிடக் கை போகவில்லை.

நான்காம் நாள் கட்டுப்போட்ட கையோடு ஸ்டுடியோவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஓட்டினார். திருப்பி ஓட்டினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மறுபடி ஓட்டினார்.

"ஒம்போது செகண்டு" என்றார்.

நான் ஸ்டாப் பட்டனை அமுக்கினேன்.

"சத்தம் மாறுன எடத்துலேருந்து அடி விழுற வரைக்கும். ஒம்போது செகண்டு என்னாடி பண்ணிக்கிட்டிருந்த?"

"செவப்பு பல்பு எரிஞ்சுதுங்க."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா அசையக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"நான் சாவுறப்பவுமா?"

"அதத் தனியா சொல்லலியே."

என்னை வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அவர் என்னை அத்தனை நேரம் பார்த்தது அன்றுதான்.

"பஞ்சநாதன் ஒரு செகண்டு யோசிச்சானா? ஒண்ணுமே இல்லாததுக்கு ஓடியாந்தான்யா அந்த ஆளு."

சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"ஆண்டிமடம். ஒரு துண்டு வாங்கிப் போத்திட்டு வரேன்."

பஸ் ஏறிப் போயே விட்டார். நான் கதவைச் சாத்தி, கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு டேப்பை ஓட்டினேன். அவரிடம் சொன்னது பொய் இல்லை. ஆனால் பல்பு மட்டும் ஒன்பது வினாடியையும் நிரப்பாது. மிச்சத்தில் நான் எங்கே இருந்தேன் என்று தேடினேன். ஒரு பயம், ஒரு விசும்பல், நாற்காலி நகரும் ஓசை, ஏதாவது ஒன்று விழுந்திருக்கும் என்று காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்துக் கேட்டேன்.

என் மூச்சுகூடக் கேட்கவில்லை. அத்தனை சுத்தமான ரெக்கார்டிங்.