லொறிக்குக் கட்டிய செருப்பு

பதுளைக்கு ரயில் வந்த மறு வருடம் முத்தையா கடைப் பின்கட்டில் ஒரு லொறி வந்து நின்றது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, பண்டாரவளையிலிருந்து விசாலாட்சி அந்த வீட்டு மருமகளாக வந்தாள். லொறி ஓட்டுகிற ஜெயராசாதான் அவள் கணவன். சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனையில் இரண்டு தடவை ஹார்ன் அடிப்பான். இன்றைக்குப் பஞ்சர் இல்லை, தேநீருக்குத் தண்ணீர் வை என்று அதற்கு அர்த்தம். மாமியாருக்கும் மாமனாருக்கும் அது தெரியாது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மழை பிடித்ததிலிருந்து அந்த ஹார்ன் கேட்பதே அரிதாகிவிட்டது. நாளுக்கொரு பஞ்சர். இருட்டுகிற நேரத்துக்குச் சேறும் சகதியுமாக வந்து இறங்குவான். கையெல்லாம் ரப்பர் பசை நாற்றம். சோற்றைப் பிசையும்போதே கண் சொருகும்.

செவ்வாயும் வெள்ளியும் நெல்லிமலைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளைப் பிற்பகல் மூன்று மணி சரக்கு ரயிலில் ஏற்றவேண்டும். முன்பு மொஹிதீன் நானாவின் மாட்டு வண்டிகள் செய்துகொண்டிருந்த வேலை. இப்போது மூன்று தடவை ரயில் தவறிவிட்டது. இன்னும் ஒரு தடவை தவறினால் பழையபடி வண்டிக்கே வேலை போய்விடும் என்று தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார். அன்று இரவு சாப்பாட்டில் மாமனார் முத்தையா தன் தீர்ப்பைச் சொன்னார். வருகிற வெள்ளிக்கிழமையும் தவறினால் லொறியை விற்றுவிடுவது, ஜெயராசா இரண்டு வருடம் கண்டியில் சித்தப்பா கடையில் இருப்பது, மருமகள் இங்கேயே இருப்பது. 'ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்று' என்பதைச் சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னார். விசாலாட்சி ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினாள்.

பஞ்சருக்குக் காரணம் என்ன என்பதில் அந்த வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. மொஹிதீன் நானாவின் ஆட்கள்தான் வேலை போன ஆத்திரத்தில் ரோட்டில் ஆணி தூவுகிறார்கள் என்பது முத்தையாவின் கட்சி. பஜாரில் வேறு யாரிடமும் லொறி இல்லை, ஊர்க்கண் பட்டுவிட்டது என்பது மாமியார் ராமலட்சுமியின் கட்சி. அவள் சும்மா இருக்கவில்லை. கணவரின் பழஞ்செருப்பில் ஒன்றை எடுத்து, லொறியின் முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட்டில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டாள். கயிறு கொஞ்சம் நீளமாகிவிட்டது.

ஜெயராசாவுக்கு அது பெரிய மானக்கேடு. ஸ்டேஷனில் கூலிகள் கூடக் கேலி செய்கிறார்கள், அம்மா பார்க்காத நேரம் அறுத்துப் போட்டுவிடு என்று மனைவியிடம் சொல்லியிருந்தான். புதன்கிழமை மத்தியானம் மாமியார் கண்ணயர்ந்த நேரம் பார்த்து விசாலாட்சி அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

கயிற்றைப் பிடித்தவள் அறுக்கவில்லை. செருப்பு டயரின் மேல் சாய்ந்து கிடந்தது. எருமைத் தோலை மூன்று அடுக்காக வைத்துத் தைத்த அடி. ஓடும்போது டயரோடு உரசி உரசி அதன் விளிம்பு வழவழவென்று தேய்ந்து, நடுநடுவே கீறல் விழுந்திருந்தது. ஒரு கீறலில் சின்ன ஆணி ஒன்று மாட்டியிருந்தது. அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். ஒட்டுப் போட்ட தடம் ஒன்றுகூட இல்லை. மற்ற மூன்று சக்கரங்களையும் சுற்றிவந்து பார்த்தாள். கிழிந்த வேட்டிக்குப் போட்டதுபோல ஒட்டின்மேல் ஒட்டு.

அந்த ஆணியைப் பார்த்ததுமே அது லாடத்து ஆணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பாவிடம் ஆறு வண்டி, பன்னிரண்டு மாடு. மாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவள். மழையில் குளம்பு ஊறினால் லாடத்து ஆணி பிடி தளரும். ஏற்றத்தில் மாடு காலை ஊன்றி இழுக்கும்போது கழன்று விழும்.

வியாழக்கிழமை காலை முத்தையா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு மொஹிதீன் நானாவிடம் நியாயம் கேட்கக் கிளம்பினார். மாமனார் எதிரில் நின்று பேசிப் பழகாத விசாலாட்சி, கதவோரம் நின்று ஆணியை நீட்டினாள்.

"மாமா, வேணும்னு தூவுறவங்க புது ஆணியத்தானே தூவுவாங்க. இது தலை தேஞ்ச ஆணி. மாட்டுக் கால்லேருந்து விழுந்தது."

முத்தையா ஆணியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்துண்டை மடித்து வைத்துவிட்டார்.

"சரி, மனுசன் போடல, மாடுதான் போட்டுச்சு. அதுக்காக டயர் பொத்துக்காம இருக்குமா? வெள்ளிக்கிழமை பாப்போம்."

அதுவும் நியாயம்தான். அன்று ராத்திரி ஜெயராசாவிடம் அவள் தன் யோசனையைச் சொன்னாள். அவனுக்கு முதலில் பிடிபடவில்லை.

"செருப்புல முள்ளு ஏறுனா உடனேயா குத்துது? பத்து அடி வச்ச பிறகுதானே கால்ல படுது. நடுவுல தட்டிவிட்டுட்டா ஒண்ணுமில்லல்ல. அதத்தாங்க அந்தச் செருப்பு செய்யுது. முதல் சுத்துலயே தட்டிவிட்டுருது."

ஜெயராசா விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அறுக்கச் சொன்னவனே இப்போது நாலு சக்கரத்துக்கும் நாலு செருப்பு வேண்டும் என்றான்.

பழைய ஜோடியில் மீதி ஒன்று இருந்தது. முன்சக்கரம் இரண்டுக்கும் ஆயிற்று. பாரமெல்லாம் விழுவது பின்சக்கரங்களில். அந்த வீட்டில் வேறு செருப்பு என்று இருந்தது ஒரே ஜோடிதான். முத்தையா மதுரையிலிருந்து வாங்கிவந்தது. கோயிலுக்கும் துரையைப் பார்க்கவும் மட்டும் போடுவார். வந்து உட்கார்ந்ததும் எண்ணெய் தடவித் துடைத்து வைப்பார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் விசாலாட்சி மாமியாரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். ராமலட்சுமி லாட ஆணிக் கதையை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். தான் கட்டிய செருப்பு இருந்த சக்கரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை என்பது போதும் அவளுக்கு. ஒரே ஒரு சங்கடம்: திருஷ்டிக்குக் கட்டுவது தேய்ந்த செருப்பாக இருக்கவேண்டும். கொஞ்ச நேரம் மோவாயில் கை வைத்து யோசித்தாள். பிறகு உள்ளே போய் மதுரைச் செருப்பைக் கொண்டுவந்தாள்.

"இருபது வருசமா என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு இவரு மட்டும் போட்டுட்டுப் போன செருப்பு. தேயாட்டி என்ன, என் கண்ணு பட்டது போதும். கட்டு."

கட்டியதோடு நிற்கவில்லை. வேலை செய்கிறதா என்று தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று லொறியில் ஏறி உட்கார்ந்தாள். மாமியாரைத் தனியாக அனுப்ப முடியுமா? விசாலாட்சியும் ஏறினாள். கடை முகப்பில் கால்நீட்டிக் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்த முத்தையாவுக்குத் தெரியாமல், லொறி பின்சந்து வழியாகப் போயிற்று.

தோட்டத்தில் பெட்டி ஏற்றி முடிய ஒன்றரை மணியாகிவிட்டது. இறங்கும்போது மழை தூறியது. மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சக்கரங்களில் செருப்பு உரசும் 'சரக் சரக்' சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்கள். பாலம் தாண்டினால் ஒரு செங்குத்து ஏற்றம். மூன்று தடவையும் ரயிலைத் தவறவிட்ட இடம் அதுதான். முன்னால் மொஹிதீன் நானாவின் அரிசி வண்டிகள் இரண்டு முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தன. ஜெயராசா வேகத்தைக் குறைத்தான்.

பின்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம்.

ஜெயராசா லொறியை நிறுத்திக் குதித்து ஓடினான். விசாலாட்சி கண்ணை மூடிக்கொண்டாள். கண்டியில் இரண்டு வருடம். எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி. அவள் எண்ணத் தொடங்குவதற்குள் அவன் திரும்பி வந்து அவள் மடியில் எதையோ போட்டான். செருப்பில் மாட்டியிருந்த ஈரமான லாட ஆணி. டயரில் ஒரு கீறல்கூட இல்லை.

ஏற்றம் முடிவதற்குள் இன்னும் இரண்டு 'டக்'. ராமலட்சுமி ஒவ்வொன்றுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குள் லொறி நுழைந்தபோது மணி இரண்டே முக்கால். முத்தையா குடையோடு நின்றிருந்தார், வெறுங்காலோடு. வீடு முழுக்கத் தேடியும் செருப்பு கிடைக்காமல், கல் ரோட்டில் நடந்து வந்து, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில், இந்தத் தடவையும் பெட்டி வராவிட்டால் வேலையை ஒப்புக்கொள்ள வந்த மொஹிதீன் நானா. லொறியிலிருந்து மனைவியும் மருமகளும் இறங்குவதை முத்தையா பார்த்தார். பிறகு பின்சக்கரத்தைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பக்கத்துப் பின்சக்கரத்தையும் போய்ப் பார்த்தார்.

மொஹிதீன் நானா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டார். "என்ன முதலாளி, மாட்டுக்கு லாடம் அடிச்சு நான் சீரழியுறேன். நீங்க லொறிக்கே செருப்பு போட்டுட்டீங்களே."

முத்தையா கடைசிப் பெட்டி ரயிலில் ஏறும்வரை நின்று பார்த்தார். ரயில் ஊதிக்கொண்டு கிளம்பியது. காற்றடைத்த சக்கரத்தை நம்பி உட்காரமாட்டேன் என்று இன்றுவரை அந்த லொறியில் ஏறாதவர், கால் நோவோடு நொண்டி நொண்டி வந்து முன்சீட்டுக் கதவைத் திறந்தார்.

"தள்ளி உக்காருங்க. என் செருப்பு போற எடத்துக்கு நானும் வாறேன்." ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டார். "கண்டிக்கு எழுதவேண்டாம்டா. தைக்கிறவன் கடையில நிறுத்து. எருமைத் தோல்ல செருப்படி மாதிரி, மாத்துக்கும் சேத்து எட்டுத் துண்டு வெட்டித் தரச் சொல்லணும். மதுரைச் செருப்ப அவுத்துக் கொடு."

அதெல்லாம் வீட்டில் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று ராமலட்சுமி சொல்லிவிட்டாள். திருஷ்டிக்குக் கட்டியதைச் சுற்றிப்போடாமல் அவிழ்க்கக் கூடாதாம்.

தெருமுனை வந்தது. ஜெயராசாவின் கை பழக்கத்தில் ஹார்னுக்குப் போயிற்று. இரண்டு தடவை அடித்தான். விசாலாட்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

"தண்ணி வைக்கிறவ இங்கதானே உக்காந்திருக்கா," என்றார் முத்தையா. "யாருக்குடா அடிக்கிறே?"