பிரபுவின் தொப்பியில் மட்டும் பெய்த பனி

லூட்கர் பிரபு ஹில்டனாவ் நகரில் இருந்த ஐந்து மாதமும் வெண்பனி அவன் தொப்பியின் மேல் மட்டும் பெய்தது. ஜூன் வெயிலில் ஊரே வியர்த்து வழிய, அவன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு நடப்பான். தான் வெஸ்மாரியா மன்னரின் மகன் என்றும், தாய்நாட்டுப் பனி தன்னை விட்டுப் பிரியாது என்றும் சொன்னான். அரண்மனைச் சீமாட்டிகள் அந்த நாட்டில் பட்டம் கிடைக்குமென்று மோதிரங்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். தபால் நிலையத்தை நடத்திவந்த விதவை வால்புர்கா மட்டும் அந்தப் பனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நல்ல பனிதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இருபது வருடமாக எல்லா நாட்டுக் கடிதங்களும் அவள் கை வழியாகத்தான் வந்தன. வெஸ்மாரியாவிலிருந்து ஒன்றுகூட வந்ததில்லை. அப்படிப்பட்டவன் அவள் மகள் ஓட்டீலியைக் கட்டிக்கொண்டு தன் நாட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது அவள் மகளைத் தனியே இழுத்துப்போனாள்.

“ராஜா மகனுக்குத் தபால்காரி மக எதுக்குடி? லாயத்துல நிக்கிற என் தபால் வண்டிக் குதிரைங்க மேலதான் அவனுக்குக் கண்ணு.”

“உனக்கு யாரைத்தாம்மா பிடிச்சிருக்கு?” என்றாள் மகள்.

இலையுதிர் காலத்தில், தன் தந்தை இறந்துவிட்டதாகப் பிரபு அழுதான். எந்த நாட்டு மன்னர் இறந்தாலும் அரண்மனை ஆறு வாரம் கறுப்பு உடுத்தும்; அதுதான் முறை. உடுத்தியது. துக்கம் கழிந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். வால்புர்கா அரண்மனைச் சடங்கு அதிகாரியிடம் ஓடினாள்.

“ஐயா, சாவுச் சேதி எந்த வழியா வந்துச்சு? என் கைக்கு வரலியே!”

“மெதுவாப் பேசும்மா. நம்ம ஊரை ஆளுற கோமகனே கண்ணீர் விட்டுட்டாரு. இல்லாத ஆளுக்கா அழுதாருன்னு ஊர் சிரிக்கணுமா? ஆள் இல்லாமலா சாவு வரும்? நாடு இருக்கு, போ.”

அன்றே அரண்மனை வரைபடத்தில் வெஸ்மாரியாவை வரைந்து சேர்த்துவிட்டார்கள். வால்புர்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. காலஞ்சென்ற வெஸ்மாரியா மன்னருக்கு என்று விலாசமிட்டு, உங்கள் மகன் எப்படிப்பட்டவன் என்று கேட்டு, வடக்கே போகும் வண்டியில் கடிதத்தைப் போட்டாள். அது திரும்பி வந்தால், அப்படி ஒரு நாடே இல்லை என்று கோமகனிடமே காட்டிவிடலாம் என்று நினைத்தாள்.

திரும்பி வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் பதில் வந்தது. கறுப்பு அரக்கு முத்திரை. உறைக்குள் ஒரு பிடி பனி. ‘நான் இறந்தது உண்மை. நீங்கள் துக்கம் காத்ததற்கு நன்றி. எனக்குப் பிள்ளை கிடையாது.’

அவள் அதை நேராகப் பிரபுவிடமே நீட்டினாள். அவன் அதை இரண்டு தடவை படித்தான்.

“யாரு எழுதினது இது?”

“உங்கப்பாதான்.”

தான் வாய்க்கு வந்தபடி சொன்ன நாடு பதில் போடும் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. குதிரைகூடக் கேட்காமல், மோதிரங்களையும் மறந்து, நடந்தே ஊரை விட்டுப் போனான். தொப்பியில் பனி இல்லை. ஓட்டீலி மூன்று வாரம் தாயிடம் பேசவில்லை.

அதன் பிறகு வியாழக்கிழமைதோறும் வெஸ்மாரியாத் தபால் வருகிறது. ஓட்டீலிதான் பனியை உதறிவிட்டுப் பிரித்து அடுக்குகிறாள்.