முதுகில் பச்சை நூல்

உள்ளூர் அணி கோப்பையை வென்ற சந்தோஷத்தில், முந்தின நாள் ஒரு கூட்டம் நாலு பேருந்துகளின் கண்ணாடியை நொறுக்கித் தள்ளியிருந்தது. தோற்றிருந்தால் பேருந்துகள் பிழைத்திருக்கும்.

மறுநாள் தன் கால்சட்டையை வாங்க வந்த போலீஸ்காரர், தையல்காரம்மாவிடம் செல்பேசியை நீட்டினார். படத்தில் பேருந்துக் கூரைமேல் ஒருவன் கையில் கல்லோடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“மூஞ்சியே தெரியல பாருங்கம்மா. பெத்தவங்க கண்டிச்சு வளர்த்தா இப்படி ஆடுவானுங்களா?”

“ஆடமாட்டானுங்கதான் சார்.”

அவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் ஓர் ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோன அன்று, யார் பார்க்கப் போகிறார்கள் என்று பச்சை நூலால் அவளே போட்ட ஒட்டு.

அவள் கால்சட்டையின் கடைசிப் பொத்தானைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தாள்.

“டேய், நேத்துப் போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டு வா.”

வந்த மகனைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். போலீஸ்காரர் படத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார்.

“எல்லாரும்தாம்மா உடைச்சாங்க,” என்றான் மகன்.

“உடைச்சிருப்பாங்க. அவங்க சட்டையை நான் தைக்கலையே.”