வெட்டி எறிந்த மௌனம்

ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டுவது என் தொழில். உபநிடதங்களின் உட்பொருளைத் திறக்கும் சாவிகளைப் பற்றி அக்கா பேச, பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தேன். நடுநடுவே அவளே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மௌனங்களையெல்லாம் வெட்டி எறிந்து, பேச்சைக் கச்சிதமாக்கிக் கொடுத்தேன்.

கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு. சாவியைத்தான் காணோம்."

"நீ சொன்னதுல ஒரு வார்த்தைகூட விடலையே!"

"வார்த்தையில இல்லடி. கேள்வி கேட்டுட்டு சும்மா இருந்தேனே, அங்கதான் இருக்கு."

"அதுல என்ன இருக்கு? ஒண்ணுமே இல்ல."

"கேட்டுப் பார்த்தியா?"

கேட்கவில்லை. திரையில் ஒலியலை அடங்கிக் கிடந்தாலே வெட்டிவிடுவது எங்கள் பழக்கம். வீம்புக்காக, வெட்டாத பழைய பதிவைத் திறந்து ஹெட்போனை மாட்டினேன்.

"காதுக்குள்ள இருந்து கேக்கிறது யாரு?" என்றது அக்காவின் குரல். பிறகு மௌனம். அதில் மின்விசிறியின் முனகலும் அவள் மூச்சும் கேட்டன. அவற்றோடு விடாமல் ஒரு டக், டக், டக்.

எப்போது முடிப்பாளோ என்று நான் மேசையில் தட்டிய பேனா அது.

ஹெட்போனைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. குனிந்து என் கையைப் பார்த்தேன்.