முத்லக்கின் மடி

சேவேயின் மகனுக்குச் சுன்னத்துச் சடங்குக்கு நாள் குறித்தாகிவிட்டது. கானஸோர் ஊரில் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பையனைத் தாங்கும் மடி யாருடையது என்பதில்தான் அண்ணனும் தங்கையும் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

யஸீதி வீட்டுப் பையனைச் சொந்தக்காரன் மடியில் வைத்து அறுப்பதில்லை. வெளியாள் ஒருவன் மடி கொடுக்க வேண்டும். பலமுறை அது பக்கத்து ஊர் அரபு முஸ்லிமாகவே இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் அவன் மடியில் விழுந்துவிட்டால் அவன் கிரீவ். அப்புறம் இரண்டு வீடும் ஒரே ரத்தம். தலைமுறை தலைமுறைக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஏனென்றால் இந்த வீட்டுப் பெண்கள் அந்த வீட்டு ஆண்களுக்குத் தங்கைகள்.

"கிரீவாவது மண்ணாவது!" என்றான் அண்ணன் தர்வேஷ். "நம்ம அப்பாவுக்கு மடி கொடுத்த வீட்டுக்காரன்தானே அன்னைக்குக் கறுப்புக் கொடிக்காரனுங்களுக்கு நம்ம வாசலைக் காட்டினான்? மறந்துட்டியா?"

"என் புருஷன் இன்னும் குழிக்குள்ளதான் கெடக்கான். நான் எதைண்ணே மறப்பேன்? ஆனா முத்லக் பெரியப்பாவையும் என்னால மறக்க முடியாது."

முடியாதுதான். கறுப்புக் கொடிக்காரர்கள் ஊருக்குள் புகுந்து, ஆண்களைச் சுட்டுக் குழியில் தள்ளி, பெண்களைச் சந்தையில் விற்கப் பேருந்தில் ஏற்றியபோது, வயிற்றுப்பிள்ளையோடு வறண்ட கால்வாய்க்குள் கிடந்த அவளை ஆடு தேடி வந்த பக்கத்து ஊர் அரபு முத்லக் பார்த்தார். பொண்டாட்டியின் அக்கா மகள் என்று ஊரில் சொல்லி, கோழிக்கூட்டை ஒட்டிய அறையில் குளிர்காலம் முழுக்க வைத்துக்கொண்டார். தெரிந்தால் உண்மையாகவே தலை போகும் காரியம். ஒரு விடியற்காலையில் அவள் ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார். யஸீதிகள் உதிக்கும் சூரியனைப் பார்த்துத்தானே கும்பிடுவார்கள். மறுநாள் கடப்பாரையை எடுத்துக் கிழக்குச் சுவரில் இரண்டு செங்கல்லைப் பெயர்த்தார். கேட்டவர்களிடம், "கோழிக்கு மூச்சு முட்டுதுப்பா" என்றார். ஐந்து வேளை தொழுகிற மனுஷர். அவளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் பையன் பிறந்தான்.

"சரி, கூப்பிட்டுத் தொலை" என்றான் தர்வேஷ்.

முத்லக் வந்தார். வண்டியில் இரண்டு ஆட்டுக்குட்டி. தோய்த்த வெள்ளை அங்கி போட்டிருந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை.

"குட்டிங்களப் பிடிச்சுக்கோ மகளே. மடி மட்டும் கேக்காத."

"ஏன் பெரியப்பா?"

"என் தம்பி மகன் ஃபயாத் அந்தக் கொடிக்காரனுங்களோட போனவன். இப்ப ஜெயில்ல இருக்கான். இந்த ரத்தம் என் மடியில விழுந்தா, அவனும்ல உங்களுக்கு உறவாயிடுவான்? அதை உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல."

இங்கே யாருக்கும் தெரியாத சங்கதி அது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சடங்கு முடிந்திருக்கும். முற்றத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேட்டியா? தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று தர்வேஷ் கத்தினான்.

சேவே வாசலுக்குப் போனாள். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லித் தீர்க்கிற காரியமா இவர் செய்தது? கொடுக்க அவளிடம் வேறு என்ன இருக்கிறது, இந்தப் பிள்ளையைத் தவிர? இன்று விட்டால் இவர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவனும் உறவாகட்டும் பெரியப்பா" என்றாள். "எங்களைச் சந்தையில விக்கிற சாமானாத்தானே பாத்தான்? இனிமே நாங்க அவனுக்குத் தங்கச்சிங்க. உள்ள ஒக்காந்து அவன் அதை யோசிக்கட்டும். அவனுங்க கொண்டுபோனது போதாதா? உங்களையும் கொண்டுபோகணுமா?"

தர்வேஷ் உள்ளே போய் மெத்தையை எடுத்து வந்து முற்றத்தின் நடுவில் விரித்தான்.

"உக்காருங்க" என்றான், முத்லக்கின் முகத்தைப் பார்க்காமல்.

பையன் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். வெள்ளை அங்கியில் சிவப்பாக ரத்தம் விழுந்தது. பையனைவிட முத்லக்தான் அதிகம் அழுதார். சேவேக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. கடவுளே, இந்த மனுஷரை எனக்குக் கொடுத்தாயே என்று மனசாரக் கும்பிட்டாள்.

தர்வேஷ் அவர் பக்கத்தில் வந்து குந்தினான்.

"கிரீவ்" என்றான். அந்தச் சொல் அவன் வாயில் தடுக்கியது. "எங்க சின்னத் தங்கச்சி குனாவை அன்னைக்குப் பேருந்துல ஏத்தினாங்க. இன்னும் வரல. ஃபயாத்தைப் போய்ப் பாருங்க. உன் தங்கச்சி எங்கடான்னு கேளுங்க."

முத்லக் அங்கியில் இருந்த ரத்த ஈரத்தில் கையை வைத்தார்.

"உங்க தங்கச்சியா? என் மகளையில்ல நான் தேடணும்" என்றார். "நாளைக்கே போறேன்."

சேவே குனிந்து அந்தக் கையை முத்தமிட்டாள்.